தொப்பிச் சட்டையில் ஒரு டேக்

மகுடேஸ்வரன் யாரையும் மரியாதை குறைத்துப் பேசியவர் இல்லை. திருடி என்று சொல்வதைக்கூட மரியாதையாகத்தான் சொன்னார்.

"எடுத்தது எடுத்துட்டீங்க. ஒத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் வேலை மிச்சமுங்க."

ஒச்சம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அருள்புரத்தில் இருக்கும் இந்த பனியன் கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருடம். தைத்து வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் ஓட்டையும் பிசிறும் தேடித் தேடிக் கண் பாதி போய்விட்டது. அத்தனை வருடத்தில் ஒரு பட்டனைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. இப்போது ஹெச்.ஆர். மேனேஜரின் மேஜைமேல், அவள் காசு கொடுத்து வாங்கிய மெரூன் நிறத் தொப்பிச் சட்டை கிடந்தது. அதன் ஓரத்தில் கட்டை விரல் பருமனில் ஒரு சாம்பல் நிற அலாரம் டேக். எல்லா வினையும் அந்த டேக்கால் வந்தது.

"சார், இது நான் கடையில வாங்குனது. எம்மகளுக்கு."

"கடையில வாங்குனா டேக்கை எடுத்துட்டுத்தானுங்க குடுப்பாங்க?"

அதைத்தான் அவளும் கேட்கிறாள். யாரிடம் போய்க் கேட்பது?

நடந்தது இவ்வளவுதான். மகள் மோனிஷா ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் ஊட்டிக்குக் கூட்டிப் போகிறார்கள். திருப்பூர் வெயிலில் தொப்பி வைத்த சட்டை கேட்டிருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பாள். ஊட்டி என்றதால் மகள் தப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக டவுனில் இருக்கும் நாலு மாடி ஜவுளிக்கடைக்குப் போனார்கள். ஆடித் தள்ளுபடி. ஊரே அங்கேதான் இருந்தது. உலகத்துக்கெல்லாம் சட்டை தைத்து அனுப்புகிற ஊரில், தைக்கிறவள் தன் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்க அரை நாள் வரிசையில் நின்றாள். பில் போடுகிற பெண் பக்கத்து கவுன்ட்டர்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டே பில்லைப் போட்டாள், பையில் திணித்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டேக்கை எடுக்கவில்லை.

அந்தப் பில்லாவது கையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். பில்லின் பின்னால் பெயரும் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கல். முதல் பரிசு ஸ்கூட்டர். ஒச்சம்மாளின் புருஷன் மூக்கையா நூல் குடோனில் லோடுமேன். ஸ்கூட்டர் என்றதும் அவனுக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, பொண்டாட்டி பெயரை எழுதி, கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டான். வெளியே வரும்போது வாசல் மெஷின் வீல் என்று கத்தியது. அங்கே நின்ற காவலாளி கையை ஆட்டினார்.

"போங்கக்கா, போங்க. காலைல இருந்து அது சும்மாவே கத்துதுங்க."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்த பிறகுதான் மோனிஷா, "இதென்னம்மா இடுப்புல குத்துது?" என்றாள். மூக்கையா குறடை எடுத்துக்கொண்டு வந்தான். ஒச்சம்மாள் அவன் கையில் ஒன்று போட்டாள்.

"ஒடச்சா உள்ள இருக்க மை கொட்டிரும். சட்டையே போயிரும். பேசாம இரு."

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவள் கம்பெனியிலேயே வெளிநாட்டுக்காரன் ஆர்டருக்கு இதே மாதிரி டேக்கைக் குத்தித்தான் பெட்டி கட்டுகிறார்கள். தப்பாகக் குத்தியதை எடுக்க பேக்கிங் செக்ஷனில் ஒரு காந்தம் உண்டு. அவள் மேஜையிலிருந்து பத்தடி. வேறு யாராக இருந்தாலும் கடைக்குத் திரும்பப் போயிருப்பார்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவளுக்குத்தான் அந்தக் கிறுக்குப் புத்தி வரும். திங்கட்கிழமை காலையில் சட்டையைச் சுருட்டி, பைக்குள் தூக்குவாளிக்கு அடியில் வைத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள்.

வெளித்துணி எதைக் கொண்டுவந்தாலும் கேட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. மாற்றுப் புடவையைக்கூட எழுதியவள்தான். அன்றைக்கு வேன் லேட். கேட்டில் பெண்களைச் சோதிக்கிற வேலாத்தாள், "ஓடுங்க, ஓடுங்க" என்று எல்லோரையும் விரட்டி உள்ளே விட்டாள். ஓடினாள். எழுதவில்லை. உள்ளே போனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று பேக்கிங் அறையையே பூட்டி வைத்திருந்தார்கள். போனதற்குப் பலனும் இல்லை, சட்டை போனபடியே திரும்பி வந்தது.

சாயங்காலம் வரிசையில் நின்றபோது வேலாத்தாளின் கை தூக்குவாளிக்கு அடியில் போய் நின்றது.

"இதென்ன அம்மிணி?"

மெதுவாகக் கேட்டிருக்கலாம். தினமும் மதியம் ஒச்சம்மாளின் கருவாட்டுக் குழம்பை வாங்கித் தின்கிற வாய்தான் அது. ஆனால் நூறு பெண்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். சட்டையைத் தலைக்கு மேலே தூக்கியும் காட்டினாள்.

அங்கிருந்து நேராக மகுடேஸ்வரன் அறைக்கு.

"சார், இங்கிட்டு பாருங்க," என்று ஒச்சம்மாள் சட்டையை விரித்துத் தொப்பியைப் பிரட்டினாள். "நம்ம பீஸுக்கு கழுத்துக்குப் பின்னாடி தையல மறைச்சு டேப் வப்போம். இதுல டேப்பே இல்ல. கைத் தையலப் பாருங்க, எப்பிடி இழுத்துக்கிட்டு கெடக்கு. இப்பிடி ஒண்ணு எம்மேசைக்கு வந்தா நான் பாஸ் பண்ணுவனா?"

"தையலைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. டேக் நம்ம டேக்குங்க."

பனியன் கம்பெனியில் இருபது வருடம் சம்பளம் வாங்குகிற மனிதருக்குத் தையல் தெரியாதாம். சாம்பல் டேக் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான் என்பதும் தெரியாதாம். அவருக்குத் தெரிந்தது வேறு ஒன்று.

"நீங்க உசிலம்பட்டிப் பக்கம்தானுங்களே?"

ஒச்சம்மாள் விரித்த சட்டையை மடித்தாள். அந்தக் கேள்வி ஊரைக் கேட்கிற கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும். வீடு வாடகைக்குக் கேட்கப் போனபோது கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கோழி காணாமல் போனபோது கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, "அப்புடீங்களா" என்பார்கள். மகுடேஸ்வரனும் சொன்னார்.

"அப்புடீங்களா."

பிறகு எழுந்து நின்று போனை எடுத்தார். "அந்தத் துணியைக் கையில புடிங்க. நேராப் பாருங்க." பிடித்தாள். ஏன் பிடித்தோம் என்று பிறகு ராத்திரி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். பதினான்கு வருடமாக அவர் நில் என்றால் நின்று, வா என்றால் வந்த பழக்கம், வேறொன்றும் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணி வரைக்கும் டைமுங்க. பில்லைக் கொண்டாந்து காட்டுங்க. இல்லீன்னா இந்தப் போட்டோ எங்க குரூப்புக்குப் போயிருமுங்க."

அந்தக் குரூப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சுற்று வட்டாரத்துக் கம்பெனிகளின் ஹெச்.ஆர். ஆட்களும் கேட்டு ஆட்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். இருநூறு கம்பெனி. ஒரு தடவை அதில் முகம் வந்துவிட்டால் அருள்புரத்திலும் சரி, அவிநாசி ரோட்டிலும் சரி, எந்த கேட்டும் திறக்காது. பையையும் பெண்ணையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே போய் என்ன செய்வது, எதை வைத்து மோனிஷாவைப் படிக்க வைப்பது?

சட்டையை அவர் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சட்டையைக் கொடுத்தார். கூடவே வேலாத்தாளையும் அனுப்பினார். கம்பெனி பொருளோடு ஓடிவிடக் கூடாதாம். டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வேலாத்தாள் ஒரு தடவை, "சாப்புட்டயா அம்மிணி?" என்றாள். ஒச்சம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கடை வாசலில் கால் வைத்ததும் மெஷின் கத்தியது. அன்றைக்குச் சும்மா கத்துகிறது என்று கையை ஆட்டிய அதே காவலாளி, இன்று ஓடி வந்து பையைப் பிடித்தார். சத்தம் கேட்டு மேனேஜர் ஆறுமுகசாமி வந்தார். நெற்றி நிறைய விபூதி, பேச்சு நிறைய மரியாதை.

"பில் இருந்தா ஒரே நிமிஷத்துல எடுத்துக் குடுத்துருவோமுங்க."

"பில்லு உங்க பெட்டிக்குள்ளதேன் கெடக்கு."

"அது சீல் வெச்ச பெட்டிங்க. ஆடி கடைசியில பெரிய மனுசங்க வந்துதான் திறப்பாங்க."

"அப்ப கம்ப்யூட்டர்ல பாருங்க."

"போன் நம்பர் குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. நம்பர் கொடுத்தால் தினம் மெசேஜ் வரும் என்று மோனிஷாதான் கையைக் கிள்ளினாள்.

"காசாக் குடுத்தீங்களா? நம்பரும் இல்லீங்களா? அப்பக் கஷ்டமுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் மூவாயிரம் பில்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "டேக்கோட ஒரு பொருள் எங்க கடைய விட்டு வெளியில போச்சுன்னா, அது எப்படிப் போயிருக்குமுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. போலீசு வேண்டாம்னு பாக்கறோமுங்க. போயிட்டு வாங்க."

ஒச்சம்மாள் வேலாத்தாளைப் பார்த்தாள். வேலாத்தாள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, கம்பெனியில் கேட்டால் கம்பெனியில் திருடினாள். கடையில் கேட்டால் கடையில் திருடினாள். ஒரே சட்டையை இரண்டு இடத்தில் திருடிய கெட்டிக்காரி! அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. அழுதால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று அதை அப்படியே விழுங்கினாள். விழுங்கியது கோபமாக வெளியே வந்தது.

நேராக வாசலுக்கு நடந்தாள். மெஷினின் இரண்டு தூண்களுக்கும் நடுவில் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் அலறியது. நகரவில்லை. அது அலறுவதை நிறுத்தியதும் ஒரு அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். மறுபடி அலறியது.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பத்து மணி. படிக்கட்டில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அலறல் கேட்டு முதல் படியில் நின்றார்கள். சிலர் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது.

"அதை ஆஃப் பண்ணுங்கப்பா!" ஆறுமுகசாமி கத்தினார். இப்போது மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"ஆஃப் பண்ணுங்க!" ஒச்சம்மாள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். "அன்னைக்கும் இப்பிடித்தேன் கத்துச்சு. சும்மா கத்துது, போங்கன்னு இந்த ஆளுதேன் அனுப்பி வச்சாரு. இன்னைக்கு நான் திருடியா? ஆஃப் பண்ணுங்க. வேணுங்கிறவங்க வேணுங்கிறத அள்ளிக்கிட்டுப் போகட்டும்!"

காவலாளி சுவிட்சுக்குப் போன கையை எடுத்துக்கொண்டார். "ஏனுங்க, அன்னைக்குக் கத்துனது நெசந்தானுங்க" என்று முணுமுணுத்தார். ஆறுமுகசாமி அவரை முறைத்தார். மெஷின் மறுபடி அலறியது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டம் ஒன்று, இருபது பேர் இருக்கும், படியிலேயே நின்று கூடிப் பேசியது. பிறகு அப்படியே திரும்பி எதிர்க்கடைக்குள் போனது.

பெரிய மனுசர் யாரும் வரவில்லை. அதற்குள்ளேயே பெட்டியின் சீல் உடைந்தது.

தரையில் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பில்களைக் கொட்டினார்கள். ஒச்சம்மாள் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி பிரட்டிப் பார்க்கிற கை. எடுத்தாள், பார்த்தாள், ஒதுக்கினாள். கடைப் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முக்கால் மணி நேரத்தில், மூக்கையாவின் கோணல் கையெழுத்தில் பிள்ளையார் சுழியும் அதன் கீழே அவள் பெயரும் கிடைத்தன. மெரூன் தொப்பிச் சட்டை ஒன்று, பணம் பெறப்பட்டது.

காந்தத்தில் வைத்ததும் டேக் டக்கென்று கழன்றது. ஒரு விநாடி வேலை.

"டேக்க எடுக்காம விட்டது எங்க தப்புன்னு பில்லுல எழுதி சீல் போடுங்க," என்றாள்.

ஆறுமுகசாமி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். "பில்லை எடுத்துட்டீங்கன்னா குலுக்கல்ல சேர்க்க முடியாதுங்க."

"ஸ்கூட்டர நீங்களே ஓட்டுங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு முன்னாலேயே போய்விடலாம். ஒச்சம்மாளுக்கு மூச்சு இப்போதுதான் ஒழுங்காக வந்தது. வீரபாண்டி தாண்டியதும் வேலாத்தாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு போனை எடுத்து ஒச்சம்மாள் மடியில் வைத்தாள்.

"பாத்துக்க அம்மிணி. எனக்கு மனசு கேக்கல."

குரூப். அதில் ஒச்சம்மாளின் முகம். கலைந்த தலை, கையில் தொப்பிச் சட்டை. கீழே மகுடேஸ்வரன் எழுதியிருந்தார்: 'கம்பெனி பீஸ் திருடிப் பிடிபட்டவர். சொந்த ஊர் உசிலம்பட்டி. மண்ணரையில் குடியிருப்பு. யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்.' நேற்று மாலை ஏழு பன்னிரண்டுக்குப் போட்டது. ஒரு மணி வரைக்கும் டைமுங்க என்று அவர் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. முப்பது நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அம்மிணி. நான் என்ன பண்ணட்டும், என்ற பொழப்பும் அவருகிட்டத்தான இருக்குது."

ஒச்சம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அருள்புரத்தில் இறங்கியதும் நேராக ஹெச்.ஆர். அறைக்கு நடந்தாள்.

மகுடேஸ்வரன் பில்லை முன்னும் பின்னும் பார்த்தார். சீலைப் பார்த்தார். சிரித்தார். "ரொம்ப சந்தோசமுங்க. போய் வேலையப் பாருங்க."

"போட்டோ?"

சிரிப்பு நின்றது. அவர் கண் வேலாத்தாள் பக்கம் போனது. வேலாத்தாள் தரையைப் பார்த்தாள். "அழிச்சுடறனுங்க. அதுக்கென்ன."

"அழிச்சா ஆச்சா? பாத்தவய்ங்க கண்ணையும் அழிப்பீங்களா? இன்னொரு போட்டோ எடுங்க. அதே சட்டை ஒரு கையில, பில்லு ஒரு கையில. அதே குரூப்புல போடுங்க."

"அதெல்லாம் பழக்கமில்லீங்க."

"அடுத்த மாசம் பையர் ஆடிட் வருதுல்ல சார்?" ஒச்சம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினான்கு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. "ஒவ்வொரு தடவயும் அவய்ங்ககிட்ட என்னயத்தான் பேச அனுப்புவீங்க. நல்லா நடத்துறாங்க, மரியாதையா நடத்துறாங்கன்னு நீங்க சொல்லிக் குடுத்தத அப்பிடியே சொல்லுவேன். இந்தத் தடவ இந்தப் பில்லயும் கொண்டு போறேன். போட்டோவயும் காட்டுறேன். வேலாத்தா போன்ல இருக்கு."

மகுடேஸ்வரன் கைக்குட்டையை எடுத்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு வேர்த்தது. போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒச்சம்மாள் நேராகப் பார்த்தாள். அவர் டைப் பண்ணினார், காட்டினார்: 'மேற்படி நபர் பொருளை விலைக்கு வாங்கியது உறுதியாகிவிட்டது.'

"இன்னும் ஒரு வரி இருக்கு சார். விசாரிக்காம நான் போட்டது தப்புன்னு."

"அம்மா..."

"நான் உக்காந்திருக்கேன். நீங்க எழுதுங்க."

எழுதினார். அவர் விரல் அந்த அனுப்பும் பொத்தானைத் தொடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை எத்தனை பேர் கட்டை விரல் தூக்கினார்கள் என்று பார்க்க அவள் நிற்கவும் இல்லை. செக்கிங் மேஜையில் உருப்படி மலையாகக் குவிந்து கிடந்தது. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் கேட்டில் வழக்கமான வரிசை. அவள் முறை வந்ததும் வேலாத்தாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நேற்றுச் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது இருந்த சத்தம் இன்று இல்லை.

"நீ போ அம்மிணி. உன்ற பையப் பாக்க வேண்டாம்."

ஒச்சம்மாள் போகவில்லை. பையை மேஜைமேல் கவிழ்த்தாள். தூக்குவாளி உருண்டது, சீப்பு விழுந்தது, மடித்த தொப்பிச் சட்டை விழுந்தது, அதன்மேல் சீல் போட்ட பில் விழுந்தது. பின்னால் நின்ற நூறு பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதுவரை வேலாத்தாளை அக்கா, நீ என்றுதான் பேசியிருக்கிறாள்.

"பாருங்க," என்றாள். "நல்லாப் பாருங்க. நாளைக்கும் பாருங்க. பாக்காம என்னய வெளிய விடாதீங்க."

வேலாத்தாள் பின்னால் கட்டிய கையை எடுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தாள். கடைசிப் பொருள் உள்ளே போகும்வரை ஒச்சம்மாள் அங்கேயே நின்றாள். வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று நின்றாள்.